ப்ராம்லி ஆப்பிள் கிரம்பிள்: மேல்மாவு ஏன் களியாகிறது? (அளவு, சூடு, பழத் தேர்வு)

#1 அடுப்பங்கரை (கிழக்கு லண்டன்)

கடைகளில் புது ப்ராம்லி (சமையலுக்கான புளிப்பு ஆப்பிள்) வந்தாச்சு. ஒவ்வொரு அக்டோபரிலும் கிரம்பிள் பற்றி நாலைந்து இழை திறந்து பாதியில் நின்றுபோகும். இந்த முறை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: கீழே பழம், மேலே வெண்ணெய், மாவு, சர்க்கரை மூன்றையும் பிசிறிய உதிரி மாவு, அவ்வளவுதான் கிரம்பிள். முட்டை கிடையாது, திரட்டித் தேய்க்கும் வேலை கிடையாது. இங்கிலாந்தில் 1940 முதல் 1954 வரை ரேஷன் இருந்த காலத்தில், ஆப்பிள் பை (pie, பழத்தை மாவுத்தகட்டால் மூடிச் சுடுவது) செய்கிற அளவு வெண்ணெய் இல்லாத வீடுகளில் இது பரவியது என்பார்கள். கெடுகிறது என்றால் பெரும்பாலும் பழத்துத் தண்ணீரால்தான் கெடும். அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள அளவைப் படியுங்கள்.

ஆறு பேருக்கு. பாத்திரம் 20க்கு 28 செ.மீ., ஆழம் 5 செ.மீ.

பழம்: ப்ராம்லி 600 கிராம், காக்ஸ் அல்லது ப்ரேபர்ன் (அப்படியே உண்ணும் ஆப்பிள் இனங்கள்) 300 கிராம். இது தோலோடு எடை. தோலும் நடுப்பகுதியும் போனால் 700 கிராம் சொச்சம் நிற்கும். சர்க்கரை 70 கிராம், வெண்ணெய் 15 கிராம், பட்டைத்தூள் அரை டீஸ்பூன்.

மேல்மாவு: மைதா 200 கிராம், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த கட்டி வெண்ணெய் 110 கிராம், டெமரரா சர்க்கரை (பெரிய மணியான பழுப்புச் சர்க்கரை) 100 கிராம், உப்பு இரண்டு சிட்டிகை. விருப்பம் இருந்தால் பெரிய இலை ஓட்ஸ் 40 கிராம். பொடி ஓட்ஸ் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சிக் கஞ்சியாகும்.

வெண்ணெயை ஒரு செ.மீ. துண்டாக வெட்டி, மாவிலும் உப்பிலும் போட்டு, விரல் நுனியால் மட்டும் தேய்த்து உதிருங்கள். உள்ளங்கை பட்டால் வெண்ணெய் உருகிவிடும். புட்டுக்கு விரவுகிற பதம் வந்ததும் நிறுத்துங்கள்: பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும். பட்டாணி அளவில் சில கட்டிகள் கிடந்தால் நல்லது. இப்போது சர்க்கரையும் ஓட்ஸும். பிறகு ஒரு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீரைத் தெளித்து முள்கரண்டியால் கிளறினால் அங்கங்கே திரளும். அந்தத் திரளைகள்தான் வெந்தபின் கரகரப்பு தரும். கிண்ணத்தோடு 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள்.

ப்ராம்லியை 3 செ.மீ. துண்டாகவும் காக்ஸை ஒன்றரை செ.மீ. துண்டாகவும் வெட்டுங்கள். ப்ராம்லி சீக்கிரம் கரைவதால் அதற்குப் பெரிய துண்டு. அகலமான வாணலியில் வெண்ணெய், சர்க்கரை, பட்டைத்தூளோடு மிதமான தீயில் 5 நிமிடம், மூடி இல்லாமல். ஓரம் மட்டும் இளகினால் போதும். பாத்திரத்தில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மேல்மாவைத் தூவுங்கள். அழுத்தக்கூடாது. கனம் ஒன்றரை முதல் 2 செ.மீ.

190 டிகிரி செல்சியஸ், ஃபேன் ஓவன் என்றால் 170, கேஸ் ஓவன் என்றால் 5ஆம் எண். நடுத்தட்டில் 35 முதல் 40 நிமிடம். மேலே பொன்னிறம் வந்தால் மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஓரத்தில் பழச்சாறு கெட்டியாகக் கொப்பளிக்க வேண்டும். எடுத்தபின் 15 நிமிடம் தொடாமல் விடுங்கள்.

#2 சனிக்கிழமைச்சமையல் (பர்மிங்காம்)

மேல்மாவுக்கு அடியில் அரை அங்குலத்துக்கு வெள்ளையாக மாவுப்பசை நிற்கிறது. மேலே பார்த்தால் நல்ல பொன்னிறம். பயன்படுத்தியது: டப்பாவில் வரும் மார்ஜரின் ஸ்ப்ரெட் 100 கிராம், செல்ஃப் ரைசிங் மாவு 250 கிராம், சர்க்கரை 100 கிராம். பழம் முழுக்க ப்ராம்லி, 1 கிலோ, பச்சையாகவே. ஆழமான கண்ணாடிக் கிண்ணம். ஃபேனில் 180, 30 நிமிடம். எதை மாற்ற வேண்டும்?

#3 மாவும்நெய்யும்

சகோ, உங்க பட்டியலிலேயே விடை இருக்கு. ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

ஸ்ப்ரெட். வெண்ணெயில் கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல, தண்ணி 16 சதவீதம் கிட்ட. டப்பா ஸ்ப்ரெட்டில் கொழுப்பு 40, 60 சதவீதம்னு லேபிளிலேயே போட்டிருப்பாங்க, மீதியில் பெரும்பகுதி தண்ணி. நீங்க 100 கிராம் போட்டதில் மாவுக்குப் போன கொழுப்பு பாதிதான். மாவுத்துகளைச் சுத்திக் கொழுப்புப் படலம் இருந்தால்தான் கீழிருந்து வர்ற ஆவி உள்ளே நுழையாது. படலம் இல்லாத மாவு ஆவியைக் குடிச்சுப் பசையாகிடும். நீங்க பார்த்த வெள்ளைப்படலம் அதுதான்.

அளவு. 250க்கு 100 போதாது. மாவு இரண்டு பங்குக்கு வெண்ணெய் ஒரு பங்கு, அதுக்குக் கீழே போகாதீங்க. அடுப்பங்கரை சொன்ன 200க்கு 110 நல்ல இடம்.

செல்ஃப் ரைசிங். அதில் பேக்கிங் பவுடர் இருக்கு. உப்பி, கேக் மாதிரி மெத்துனு ஆகும். சில வீடுகளில் அதையே விரும்பிச் செய்வாங்க, ஆனா கரகரப்பு வேணும்னா ப்ளெயின் மாவு, அதாவது மைதாதான்.

பாத்திரம். ஆழக் கிண்ணத்தில் பழம் ஏழெட்டு செ.மீ. நின்னிருக்கும். மேற்பரப்பு கம்மி, மேல்மாவு தடிமன். நடுப்பகுதிக்கு மேலிருந்தும் சூடு போகாது, கீழிருந்து வர்ற ஆவி வெளியேறவும் வழி இல்லை. அதே அளவு பழத்தை அகலமான பாத்திரத்துக்கு மாத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

30 நிமிடத்தில் ஒரு கிலோ பச்சை ப்ராம்லி நடுவரைக்கும் கொதிச்சிருக்காது. மேலே ஃபேன் நிறத்தைக் கொடுத்து உங்களை ஏமாத்திடுச்சு. தெர்மாமீட்டர் இருந்தா பழத்தின் நடுவில் குத்திப் பாருங்க, 90 டிகிரியைத் தாண்டணும்.

#4 கறுவாத்தோட்டம் (ரொறன்ரோ)

இன்னொண்டும் இருக்குது. அப்பிளை வெட்டின உடனே சீனியைப் போட்டு வைக்காதேங்கோ. அரை மணித்தியாலத்தில தண்ணி விட்டு, கிண்ணத்துக்கு அடியில சாறு நிக்கும். அதை அப்பிடியே கவிழ்த்தால் மேல்மா நனையாமல் என்ன செய்யும்? ஒண்டில் கடைசி நிமிசத்தில சீனி போடுங்கோ, இல்லாட்டி வேணுமெண்டே அரை மணித்தியாலம் ஊறவிட்டு, சாறை வடிச்சுச் சின்னச் சட்டியில பாகு மாதிரி வத்தவிட்டுத் திரும்ப அப்பிளில ஊத்துங்கோ. ரெண்டாவது முறையில ருசி கூட.

இங்க கனடாவில ப்ராம்லி கிடைக்கிறதில்லை. ஆக்கள் மலிவா இருக்குதெண்டு மக்கின்ரோஷ் பை நிறைய வாங்கி வருவினம். 1811இல ஒன்ராறியோ டன்டெலாவில ஜோன் மக்கின்ரோஷ் காணி துப்புரவாக்கேக்க கண்டெடுத்த கன்றிலயிருந்து வந்த இனம். வாசம் அருமை, ஆனால் ஒவனுக்குள்ள வைச்சால் கூழ். மூண்டில ஒரு பங்கு மக்கின்ரோஷ், மிச்சம் நோர்தேர்ன் ஸ்பை. நோர்தேர்ன் ஸ்பை இல்லாட்டி ஹனிக்ரிஸ்ப், அல்லது கிரானி ஸ்மித். கூழும் வேணும், கடிபடவும் வேணும். லண்டன் ஆக்கள் ப்ராம்லியையும் காக்ஸையும் கலக்கிற கணக்கும் இதுதான்.

இந்தப் பக்கத்துச் செய்முறைகளில 'கிரிஸ்ப்' எண்டு இருக்கும், ஓட்ஸ் கட்டாயம் வரும். அளவு கப்பில இருக்கும். அதுதான் கரைச்சல். கோதுமை மாவைக் கப்பால அள்ளினால் அழுத்துறதைப் பொறுத்து 120 கிராமும் வரும், 150உம் வரும். தராசில போடுங்கோ.

கறுவாத்தூளுக்கும் ஒரு சொல். வட அமெரிக்கச் சுப்பர்மார்க்கெட்டில சும்மா 'சினமன்' எண்டு விக்கிறது அனேகமாக கசியா எண்ட வேற இனப் பட்டை. காரம் கூட, அரைத் தேக்கரண்டிக்கு மேல போட்டால் அப்பிள் வாசம் செத்துப்போகும். இலங்கைக் கறுவா எண்டால் ஒரு தேக்கரண்டி தாராளமாப் போடலாம்.

#5 புளிப்புப்பிரியன் (கென்ட்)

ப்ராம்லியை 'புளிப்பான பச்சை ஆப்பிள்' என்று நினைத்து, அது இல்லாதபோது கிரானி ஸ்மித் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புளிப்பு ஏறக்குறைய ஈடாகும், பதம் ஆகாது. ப்ராம்லியில் மாலிக் அமிலம் அதிகம், சர்க்கரை குறைவு. வெந்தால் பஞ்சாக உடைந்து நுரைத்து எழும். கிரானி ஸ்மித் துண்டு துண்டாகவே நிற்கும். கிரம்பிளுக்கு அடியில் ஒரு சாஸ் வேண்டும் என்பவர்களுக்கு ப்ராம்லிக்கு மாற்றே இல்லை என்பது என் கட்சி.

இனத்தின் கதை நாட்டிங்ஹாம்ஷயர் சவுத்வெல்லில் தொடங்குகிறது. 1809இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதை. பின்னால் அந்த வீட்டை வாங்கிய கசாப்புக்கடைக்காரர் மேத்யூ ப்ராம்லி. மெரிவெதர் என்ற நாற்றங்கால்காரர் ஒட்டுக்குச்சி கேட்டபோது, விற்கலாம், ஆனால் என் பெயரில்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டாராம். விதை போட்ட பெண்ணின் பெயர் எந்தக் கூடையிலும் இல்லை.

இனி நடைமுறை. அக்டோபரில் வரும் ப்ராம்லிக்கும் அடுத்த ஏப்ரலில் குளிர்க்கிடங்கில் இருந்து வரும் ப்ராம்லிக்கும் ஒரே அளவு சர்க்கரை போடாதீர்கள். கிடங்கில் நாள் ஆக ஆக அமிலம் குறையும். இப்போது 700 கிராம் துண்டுக்கு 70 கிராம் சர்க்கரை சரி. முழுக்க ப்ராம்லி என்றால் 100 வரை போகும். வசந்தகாலத்தில் 50இல் ஆரம்பித்து ருசி பாருங்கள்.

காக்ஸ், ப்ரேபர்ன் போன்ற உண்ணும் ஆப்பிள் துண்டுகள் உருக்குலையாமல் நிற்க ஒரு வழி உண்டு. ஆப்பிளின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். 60 முதல் 70 டிகிரி சூட்டில் சிறிது நேரம் வைத்தால் பழத்திலேயே உள்ள ஒரு நொதி வேலை செய்து, பெக்டின் கால்சியத்தோடு இறுகப் பிணைகிறது. அதன்பின் முழுக் கொதியில் வைத்தாலும் சீக்கிரம் குழையாது. துண்டுகள்மேல் கொதிநீர் ஊற்றி மூடி 10 நிமிடம், பிறகு நன்றாக வடித்து 10 நிமிடம் உலரவிட வேண்டும்.

#6 அடுப்பங்கரை

> துண்டுகள்மேல் கொதிநீர் ஊற்றி மூடி 10 நிமிடம்

வேதியியல் சரி. ஆனால் தண்ணீர்தான் எதிரி என்று சொல்லிக்கொண்டே பழத்தைத் தண்ணீரில் போடச் சொல்கிறீர்களே! வடித்தாலும் துண்டுகளில் ஒட்டிய ஈரம் எப்படியும் பாத்திரத்துக்கு வரும். கூடவே கொஞ்சம் சர்க்கரையும் வாசமும் அந்த நீரோடு சிங்க்கில் போகும். அதே சூட்டை மைக்ரோவேவில் கொண்டுவரலாம். சர்க்கரை போடாத துண்டுகளை மூடிவைத்து, பாதி பவரில் இரண்டு இரண்டு நிமிடமாகச் சுற்றி, தெர்மாமீட்டர் 65 காட்டியதும் நிறுத்தி 10 நிமிடம் மூடியபடி விடுங்கள்.

#7 புளிப்புப்பிரியன்

தெர்மாமீட்டர் உள்ள வீட்டுக்கு உங்கள் வழி மேல். இல்லாத வீட்டுக்கு என் வழி. ப்ராம்லிக்கு இரண்டுமே வீண் வேலை, அது கரைந்தே தீரும்.

#8 மாவும்நெய்யும்

பழத்தை முன்கூட்டியே வதக்கறதும் கொதிநீரும் எல்லாம் ஒரு அடிப்படைச் சிக்கலைச் சுத்திச் சுத்தி வர்ற வேலை. பழத்துக்குத் தேவையான நேரம் வேற, மேல்மாவுக்குத் தேவையான நேரம் வேற. தீர்வும் நேரடியா இருக்கே: ரெண்டையும் தனித்தனியா வேகவைங்க.

மேல்மாவை பேக்கிங் பேப்பர் போட்ட தட்டில் ஒரே அடுக்கா பரப்பி, ஃபேனில் 160 டிகிரி, 12 நிமிடம். நடுவில் ஒருமுறை முள்கரண்டியால் புரட்டுங்க. வெளிர் பிஸ்கட் நிறம் வந்ததும் எடுத்து முழுசா ஆறவிடுங்க, ஆறினாத்தான் இறுகும். பிறகு பழத்துமேல தூவி 180இல் 15, 20 நிமிடம். மாவு ஏற்கெனவே வெந்து இறுகிட்டதால ஆவி அதை ஒண்ணும் செய்யாது. வெள்ளைப்படலம் வராது.

#9 அடுப்பங்கரை

வராதுதான். ஆனால் அது கிரனோலா (வறுத்த ஓட்ஸ் கலவை) தூவிய ஆப்பிள் சாஸ் ஆகிவிடும். மேல்மாவும் பழமும் சந்திக்கிற இடத்தில் சாறு ஊறி, பாதி மாவாகவும் பாதி ஜாமாகவும் ஒரு மெல்லிய அடுக்கு வரும். கிரம்பிளின் உயிரே அங்கேதான். தனியாக வறுத்துத் தூவினால் அது கிடைக்காது. உணவகங்களில் கேட்டதும் கொடுக்க வேண்டுமே என்பதற்காக அப்படிச் செய்வார்கள். வீட்டில் அந்த அவசரம் இல்லை.

சாறு அதிகம் விடும் பழங்களுக்கு மட்டும் உங்கள் முறையை ஒப்புக்கொள்கிறேன். பிளம், ப்ளாக்பெர்ரி, ஃப்ரீசர் பழங்கள்.

#10 கறுவாத்தோட்டம்

ரெண்டு பேருக்கும் நடுவில நான் சொல்லுறன். மேல்மாவில மூண்டில ரெண்டு பங்கைப் பச்சையாத் தூவி ஒவனில வையுங்கோ. மிச்சத்தைத் தனியா வறுத்து, கடைசிப் பத்து நிமிசத்தில மேல போடுங்கோ. அடியில அந்த ஜாம் படை, மேல கரகரப்பு. சண்டையும் முடிஞ்சுது.

#11 மாவும்நெய்யும்

முடியலை :) ஆனா செய்யத் தகுந்த யோசனை.

கரகரப்புக்கு இன்னொரு வழி நம்ம அலமாரியிலேயே இருக்கு. 200 கிராம் மைதாவில் 40 கிராமை எடுத்துட்டு அரிசி மாவு அல்லது மெல்லிய ரவை போடுங்க. ஸ்காட்லாந்து ஷார்ட்பிரெட் எனும் வெண்ணெய் பிஸ்கட்டில் இதை வழக்கமாகவே சேர்ப்பாங்க. அரிசி மாவில் க்ளூட்டன் இல்லை, அதனால இழுவை குறைஞ்சு பல்லில் நறுக்குனு இருக்கும். 40க்கு மேல போனா மணல் கடிக்கிற மாதிரி ஆகிடும்.

முழு கோதுமை மாவு போடறவங்க பாதிக்குப் பாதி நிறுத்திக்குங்க, வெண்ணெய் 10 கிராம் கூட்டுங்க. தவிடு ஈரத்தை இழுக்கும்.

நெய் கேட்டு எப்படியும் யாராவது வருவீங்க, அதனால இப்பவே. நெய்யில் தண்ணி இல்லை. 110 வெண்ணெய்க்கு 90 கிராம் நெய். ஃப்ரிட்ஜில் வைச்சு இறுகின நெய்யாத்தான் இருக்கணும். உருகின நெய்யை ஊத்தினா பெரிய திரளை வராது, பொடி மணலா வெந்து நிற்கும். ருசி என்னவோ நல்லாத்தான் இருக்கும்.

#12 ஏர்ஃப்ரையர்_கட்சி (ஹாரோ)

ரெண்டு பேர்தான் வீட்டில். இதுக்காகப் பெரிய ஓவனைச் சூடாக்கணுமா? ஏர் ஃப்ரையரில் செய்தால் மேலே கருகுது, ஆப்பிள் நறுக்குனு பச்சையா இருக்கு, பாதி மாவு பறந்து கூடையில கிடக்கு.

#13 அடுப்பங்கரை

மூன்றுக்கும் காரணம் ஒன்றே: மேலிருந்து வேகமாக அடிக்கிற காற்று. பழத்தை வாணலியிலேயே முக்கால் வேக்காடு செய்துவிடுங்கள், 8 நிமிடம். இரண்டு பேருக்கு 250 கிராம் துண்டு, மேல்மாவு 60 கிராம் மைதா, 35 வெண்ணெய், 30 சர்க்கரை. ஓட்ஸ் வேண்டாம், அதுதான் முதலில் பறக்கும். ஐஸ் தண்ணீர் தெளித்து மாவை நன்றாகத் திரளைகளாக்குங்கள், எடை இருந்தால் பறக்காது. இங்கே மட்டும் லேசாக அழுத்தலாம். 160 டிகிரி, முதல் 8 நிமிடம் ஃபாயில் மூடி, ஃபாயிலைப் பாத்திர விளிம்பில் இறுக்கி மடியுங்கள். தளர்ந்த ஃபாயில் எழும்பி மேலே உள்ள சூடான கம்பியைத் தொட்டுவிடும். பிறகு எடுத்துவிட்டு 8 முதல் 10 நிமிடம்.

#14 சனிக்கிழமைச்சமையல்

நன்றி, வெண்ணெய்க்கும் அகலப் பாத்திரத்துக்கும் மாறியாச்சு. அடுத்த கேள்வி. எங்கள் தெருவில் சில வீடுகள் வாசலில் பெட்டி வைத்து 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். எல்லாம் மரத்தடியில் விழுந்த ஆப்பிள், பழுப்புத் தழும்போடு. என்ன இனம் என்றும் தெரியாது. எது வரை பயன்படுத்தலாம்?

#15 புளிப்புப்பிரியன்

விழுந்த அடியால் வந்த பழுப்பு என்றால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தாராளமாகப் போடலாம். அழுகிக் குழைந்தோ பூஞ்சை பிடித்தோ இருந்தால் முழுப் பழத்தையும் குப்பையில் எறிந்துவிடுங்கள். ஆப்பிளை அழுகவைக்கும் நீலப்பூஞ்சை பாட்டுலின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது அழுகாத பகுதிக்கும் பரவும், ஓவன் சூட்டில் போகாது. நடுவில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்து விதைக்கூடு மட்டும் கறுத்துப் பூத்திருப்பதும் உண்டு.

இனம் தெரியாத ஆப்பிளுக்கு ஒரு சோதனை போதும். ஒரு துண்டை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் மூடி 6 நிமிடம் வேகவிடுங்கள். கரைந்தால் ப்ராம்லி கணக்கில் சேருங்கள், நின்றால் காக்ஸ் கணக்கில். கடித்துப் பார்த்துச் சர்க்கரையை முடிவு செய்யுங்கள். பெயரே தெரிந்தாக வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால், எங்கள் ஊர்ப் பக்கம் பிராக்டேலில் தேசியப் பழத் தொகுப்பு இருக்கிறது, ஆப்பிளில் மட்டும் 2,000 இனங்களுக்கு மேல். பொழுது போவதே தெரியாது.

#16 ஏர்ஃப்ரையர்_கட்சி

வெட்டிய ஆப்பிள் கறுக்காமல் இருக்க உப்புத் தண்ணீரில் போடலாமா?

#17 அடுப்பங்கரை

வேண்டாம். கிரம்பிளுக்குள் போன பிறகு நிறத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? ஊறிய துண்டு தண்ணீரைக் கொண்டுவரும், அதுதான் மிச்சம். முதலில் மேல்மாவைத் தயார் செய்து ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பழத்தை வெட்டுங்கள், கறுக்க நேரமே இருக்காது.

#18 கறுவாத்தோட்டம்

ப்ளாக்பெர்ரி பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. இங்கிலாந்தில வேலியோரமெல்லாம் சும்மா காய்க்குதே?

#19 புளிப்புப்பிரியன்

காய்க்கிறது, ஆனால் செப்டம்பரோடு சரி. மைக்கேல்மஸ் நாளான செப்டம்பர் 29க்குப் பிறகு பறிக்கக் கூடாது, சாத்தான் அதன்மேல் துப்பிவிடுவான் என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை. சாத்தானை விட்டுவிட்டாலும், அதற்குப் பிந்திய மழையிலும் குளிரிலும் பழம் நீர்த்துப் பூஞ்சை பிடிப்பது உண்மை. எனவே செப்டம்பரில் பறித்து ஃப்ரீசரில் வைத்ததைத்தான் இப்போது போட வேண்டும்.

ஆப்பிள் மூன்று பங்குக்கு ப்ளாக்பெர்ரி ஒரு பங்கு போதும். 700 கிராம் துண்டில் 175 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுங்கள். உறைந்த பழத்தை உருகவிடாதீர்கள். உருகினால் தோல் வெடித்து சாறு முழுக்க வெளியே வந்துவிடும். உறைந்தபடியே 2 டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரில் புரட்டி, வதக்கிய ஆப்பிள்மேல் பரப்பி, உடனே மேல்மாவு, உடனே ஓவன். 10 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். கார்ன்ஃப்ளார் கெட்டியாக வேண்டுமானால் சாறு நன்றாகக் கொதித்தாக வேண்டும். ஓரத்தில் மட்டும் கொப்பளித்து நடுவில் அசையாமல் இருந்தால் எடுக்காதீர்கள், வெள்ளையாகக் கலங்கிய சாறுதான் கிடைக்கும்.

பிளம் என்றால் 1 கிலோ, பாதியாக வெட்டிக் கொட்டை எடுத்து, வெட்டிய பக்கம் மேலாக அடுக்க வேண்டும். குழியில் சாறு தங்கும். சர்க்கரை 70 கிராம், கார்ன்ஃப்ளார் ஒரு மேசைக்கரண்டி. இதற்கு மாவும்நெய்யும் சொன்ன வறுத்த மேல்மாவுதான் பொருத்தம். விக்டோரியா பிளம் செப்டம்பரிலேயே முடிந்துவிடும். டாம்சன் (சின்னப் புளிப்பு பிளம்) கிடைத்தால் புளிப்பு கூடுதல், சர்க்கரையை 120க்கு ஏற்றுங்கள்.

பேரிக்காயில் புளிப்பு இல்லை, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி இல்லாமல் சப்பென்று இருக்கும். கான்ஃபரன்ஸ் இனம், கட்டைவிரலால் அழுத்தினால் காம்போரம் மட்டும் லேசாக இளகுகிற பருவம். சர்க்கரை 40 கிராம், துருவிய இஞ்சி ஒரு டீஸ்பூன். பட்டை வேண்டாம்.

#20 ஏர்ஃப்ரையர்_கட்சி

கஸ்டர்ட் இல்லாமல் கிரம்பிளா? எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை.

#21 மாவும்நெய்யும்

அப்படின்னா பேர்ட்ஸ் கஸ்டர்ட் உங்களுக்காகவே வந்தது. 1837இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட், தன் மனைவிக்கு முட்டை ஒத்துக்காதுன்னு சோளமாவில் உண்டாக்கினது. பவுடரில் முட்டை கிடையாது.

568 மில்லி பால், அதாவது ஒரு பைன்ட். பவுடர் 2 மேசைக்கரண்டி, சர்க்கரை ஒண்ணரை மேசைக்கரண்டி. பவுடரையும் சர்க்கரையையும் 4 மேசைக்கரண்டி குளிர்ந்த பாலில் கட்டியில்லாம கரைச்சுக்குங்க. மீதிப் பாலைக் கொதி வர்ற அளவுக்குச் சுடவைச்சு, கரைசல்மேல கிளறிக்கிட்டே ஊத்தி, திரும்ப அடுப்பில் வைச்சு ஒரு கொதி. சூடான பாலில் நேரா பவுடரைக் கொட்டினா கட்டி கட்டியா நிற்கும், வடிகட்டிதான் கதி. ஆறும்போது ஆடை கட்டாம இருக்க பட்டர் பேப்பரை மேற்பரப்பில் ஒட்டி வையுங்க.

கிரம்பிளுக்குப் பக்கத்தில் ஊத்துங்க, மேலே வேண்டாம். இவ்வளவு பாடுபட்டு கரகரப்பு கொண்டுவந்ததே அதுக்காகத்தான்.

#22 கறுவாத்தோட்டம்

மேலதான் ஊத்தவேணும். இதில விட்டுக்குடுக்க ஏலாது.

#23 சனிக்கிழமைச்சமையல்

மீந்ததை அடுத்த நாள் மைக்ரோவேவில் வைத்தால் தொளதொளவென்று ஆகிறது. முன்கூட்டியே செய்து ஃப்ரீசரில் வைக்க முடியுமா?

#24 அடுப்பங்கரை

மைக்ரோவேவ் பழத்துத் தண்ணீரைத்தான் முதலில் சூடாக்கும். அந்த ஆவி மேல்மாவை நனைக்கும், உலர்த்த அங்கே சூடான காற்று இல்லை. ஓவனில் ஃபேன் 160, 15 நிமிடம், மூடாமல். அல்லது ஏர் ஃப்ரையரில் 150, 6 நிமிடம். மாவு ஏற்கெனவே இறுகியிருப்பதால் இந்த முறை பறக்காது.

ஃப்ரீசருக்கு மேல்மாவை மட்டும் தனியாக வைப்பது உத்தமம். இரண்டு மூன்று மடங்காகப் பிசிறி, 400 கிராம் பைகளாகக் கட்டினால் மூன்று மாதம் நிற்கும். உருகவிடாமல் அப்படியே தூவலாம். குளிர்ந்த வெண்ணெய் மெதுவாக உருகுவதால் திரளைகள் இன்னும் நன்றாக நிற்கும்.

முழுதாகச் சேர்த்து வைப்பதென்றால் பழத்தை வதக்கி முற்றிலும் ஆறவிட்டு, மேல்மாவு போட்டு, வேகவைக்காமலே உறையவிடுங்கள். உறைந்தபடியே ஃபேன் 160இல் ஒரு மணி நேரம். மேலே சீக்கிரம் நிறம் வந்தால் ஃபாயில் மூடுங்கள். அதற்கு அலுமினிய டப்பாவோ உலோகத் தட்டோ எடுங்கள். ஃப்ரீசரில் இருந்து வந்த கண்ணாடிப் பாத்திரத்தைச் சூடான ஓவனுக்குள் நேராக வைத்தால் வெடித்துவிடும்.